காலும் கையும் ஒரே வேகத்துக்கு வரட்டும்

“அக்கா, மெஷின் கெட்டுப்போச்சு போல இருக்கு.”

ஃப்ரீ மோஷன் குவில்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதல் அரைமணி நேரத்துக்குள் என்னிடம் இப்படிச் சொல்லிவிடுவார்கள். துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் குருவிக்கூடு கட்டியதுபோல் நூல் சிக்கிக் கிடக்கும். மெஷினில் ஒரு குறையும் இருக்காது. பிரஷர் ஃபுட்டின் லீவரை இறக்க மறந்திருப்பார்கள். அது இறங்கினால்தான் டென்ஷன் தட்டுகள் நெருங்கி மேல்நூலைப் பிடிக்கும். தூக்கியே இருந்தால் நூல் பிடிமானம் இல்லாமல் அடியில் கொட்டிக்கொண்டே இருக்கும். இந்த வேலைக்குப் போடும் டார்னிங் ஃபுட், லீவரை இறக்கிய பிறகும் துணியை அழுத்தாமல் லேசாக மேலேயே நிற்கும். அதனால் இறக்கினோமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கைவைத்துப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

“எனக்கு இது வராது” என்று அந்த இடத்திலேயே எழுந்து போய்விடுகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆரம்பத்தில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டே இடத்தில் பிறக்கின்றன. ஒன்று, மெஷினைத் தயார் செய்யும்போது விட்டுப்போன சின்ன வேலை. இன்னொன்று, கால் ஒரு வேகத்திலும் கை வேறொரு வேகத்திலும் ஓடுவது. முதலாவதை ஒரே நாளில் சரிசெய்துவிடலாம். இரண்டாவதற்குச் சில வாரம் பிடிக்கும். அழகான டிசைன், விலை உயர்ந்த நூல், புது மெஷின் என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

வழக்கமான தையலிலிருந்து என்ன மாறுகிறது?

மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தும் தையல்தான் குவில்டிங். ரவிக்கையோ பாவாடையோ தைக்கும்போது துணியை நகர்த்துவது மெஷின். ஊசித் தகட்டுக்கு நடுவே இருக்கும் பற்கள் ஒவ்வொரு குத்துக்கும் துணியைப் பின்னால் தள்ளும். தையல் எவ்வளவு நீளம் என்பதை ஒருமுறை திருகி வைத்துவிட்டால் போதும். ஃப்ரீ மோஷனில் அந்தப் பற்களை இறக்கிவிடுகிறோம். இனி துணி எந்தப் பக்கம் போக வேண்டும், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது முழுக்க உங்கள் கையில்.

ஊசி வேகமாகக் குத்தி, கை மெதுவாக நகர்ந்தால் தையல் பொடிப்பொடியாக விழும். கை பறந்து, ஊசி பின்தங்கினால் கால்விரல் நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நீளமாக விழும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 600 குத்து ஓடும் மெஷினில் இஞ்சுக்கு 10 தையல் வேண்டுமென்றால், கை நிமிடத்துக்கு 60 இஞ்ச் போக வேண்டும். அதாவது நொடிக்கு ஒரு இஞ்ச். மெஷினை 300 குத்துக்கு இறக்கினால் கைக்கு நொடிக்கு அரை இஞ்ச் போதும். இரண்டு வேகத்திலும் தையல் ஒரே நீளம்தான். எந்த வேகம் என்பது முக்கியமில்லை. இரண்டும் ஒத்துப்போவதுதான் முக்கியம்.

நம் ஊருக்கு இந்த வித்தை முழுக்கப் புதியதும் இல்லை. கால் மெஷினில் ஃபுட்டைக் கழற்றிவிட்டு, வட்டச் சட்டத்தில் துணியை இறுக்கிப் பூவேலை செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் கையால் துணியை ஓட்டுவதும் இதுவேதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி எம்பிராய்டரி செய்த அத்தை, சித்தி யாராவது இருந்தால் ஒரு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைக் கவனியுங்கள். குவில்டில் துணி மூன்றடுக்கு, சட்டம் கிடையாது. அதனால் துள்ளித் துள்ளி இறங்கும் டார்னிங் ஃபுட் ஊசிக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்துக்கொடுக்கிறது. அதைக் கழற்றிவிட்டுத் தைக்காதீர்கள். விரலுக்கும் அதுதான் பாதுகாப்பு.

கையால் தைத்தால்தான் மதிப்பு, மெஷின் வேலை மட்டம் என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவிலும் அந்த எண்ணம் வெகுகாலம் இருந்தது. 1989இல் கென்டக்கி மாநிலத்தின் படூகா நகரில் நடந்த அமெரிக்கன் குவில்டர்ஸ் சொசைட்டி கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் குவில்ட் செய்த ‘கொரோனா 2: சோலார் எக்லிப்ஸ்’ தலைசிறந்த குவில்ட் என்ற பரிசைப் பெற்றது. அந்தக் கண்காட்சியில் மெஷின் வேலைக்கு அந்த இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

மெஷினைத் தயார் செய்யுங்கள்

உங்கள் வீட்டில் பழைய கறுப்புக் கால் மெஷின் இருக்கிறதா? அதைக் குறைவாக நினைக்காதீர்கள். அதன் தளம் மேஜைப் பலகைக்குச் சமமாகப் பதிந்திருக்கும். கனமான துணி தடையில்லாமல் சறுக்க அதைவிட நல்ல அமைப்பு கிடையாது. மேஜைமேல் எடுத்து வைக்கும் சின்ன எலெக்ட்ரிக் மெஷினில் தளம் உயரமாக இருப்பதால் துணி ஓரத்தில் மடங்கி இழுக்கும். அதற்கு எக்ஸ்டென்ஷன் டேபிள் வாங்கிப் பொருத்துங்கள். இல்லையென்றால் அதே உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, மேலே வழவழப்பான அட்டையை வைத்து இடப்பக்கம் ஒரு மேடை கட்டுங்கள். கம்பெனிகளில் ஓடும் பவர் மெஷின் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான குத்து ஓடும். ஆரம்பத்தில் அது வேண்டாம்.

அடுத்தது பற்கள். இறக்குவதற்குக் குமிழோ லீவரோ இருந்தால் இறக்கிவிடுங்கள். அந்த வசதி இல்லாத மெஷினுக்குப் பற்களை மூடும் தகடு கிடைக்கும். எதுவாக இருந்தாலும் தையல் நீளத்தைச் சுழியத்தில் வைத்துவிடுங்கள்.

ஊசி புதிதாக இருக்கட்டும். மூன்றடுக்கைக் குத்த 14ஆம் நம்பர் ஊசி வேண்டும். ரவிக்கைத் துணிக்குப் போடும் மெல்லிய ஊசி கை இழுக்கும் இழுப்பில் வளைந்து தையலை விட்டுவிடும். மொத்தம் எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள். மழுங்கிய ஊசியால் வரும் தொல்லையைப் பார்த்தால் ஒரு ஊசியின் விலை ஒன்றுமே இல்லை.

மேலும் கீழும் ஒரே நூலைப் போடுங்கள். பருத்தி நூலானால் 40 அல்லது 50ஆம் நம்பர் சரி. நம்பர் கூடக்கூட நூல் மெல்லிசு. நூல் கோர்க்கும்போது பிரஷர் ஃபுட் லீவர் மேலே இருக்க வேண்டும், அப்போதுதான் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே போய் உட்காரும். தைக்கும்போது லீவர் கீழே இருக்க வேண்டும். தூக்கிக் கோர்ப்பது, இறக்கித் தைப்பது என்ற இந்த வரிசையை மனப்பாடமே செய்துவிடுங்கள்.

பஞ்சு சேர்ந்த வேலையில் பாபின் கேஸைச் சுற்றித் தூசு சீக்கிரம் அடையும். ஒவ்வொரு நாளும் சின்ன பிரஷ்ஷால் அதைத் தட்டிவிடுங்கள். எண்ணெய் போட வேண்டிய மெஷினானால் ஷட்டிலில் ஒரு சொட்டு விட்டு, வேண்டாத துணியில் கொஞ்சம் ஓட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

பயிற்சித் துண்டு எப்படி இருக்க வேண்டும்?

14 இஞ்ச் சதுரமாகப் பத்துத் துண்டு தயார் செய்யுங்கள். மேலும் கீழும் பூப்போடாத வெளிர்நிறப் பருத்தித் துணி. நூல் அதற்கு நேர்மாறான கருநிறம். தவறு பளிச்சென்று தெரிய வேண்டும், அதற்குத்தான் பயிற்சி. பின்னால் நிஜமான பொருள் தைக்கும்போது துணியின் நிறத்திலேயே நூலும், பூப்போட்ட அடித்துணியும் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக் கோணல்கள் அதில் மறைந்துவிடும்.

நடுவில் வைக்க 100 முதல் 150 ஜிஎஸ்எம் பாலியெஸ்டர் வாடிங் போதும். பழைய ஃபிளானல் போர்வை இருந்தால் அது இன்னும் நல்லது, துணியோடு ஒட்டிக்கொண்டு நழுவாமல் இருக்கும். மெத்தைக்கு அடைக்கும் இலவம் பஞ்சும் உதிரிப் பஞ்சும் இதற்கு ஆகாது. துவைத்தால் ஒரு பக்கமாகத் திரண்டுவிடும். அடுப்படியில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி தைப்பதானால் நடுவிலும் பருத்தி மட்டுமே வையுங்கள். பாலியெஸ்டர் சூட்டில் உருகும்.

மூன்றடுக்கையும் நழுவாமல் சேர்ப்பதில் அவசரம் கூடாது. என் முதல் படுக்கை விரிப்பில் நாலு மூலையிலும் நடுவில் ஏழெட்டு இடத்திலும் மட்டும் பின் குத்தினேன். மேலே பார்க்க நன்றாகவே இருந்தது. தைத்து முடித்துத் திருப்பினால் அடித்துணியில் பதினொரு இடத்தில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்போடு சேர்த்தே தைத்திருந்தேன். பிரித்தெடுக்க இரண்டு வாரம் ஆனது. அந்த விரிப்பில் பிரித்த துளைகள் இன்றும் தெரிகின்றன.

அதனால் இப்போது செய்வது இதுதான். அடித்துணியைத் தரையில் விரித்து, சுருக்கம் போகும் அளவுக்கு மட்டும் இழுத்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுகிறேன். விறைப்பாக இழுத்தால் எடுத்ததும் சுருங்கிக்கொள்ளும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து ஓரம் நோக்கி, எங்கே உள்ளங்கையை வைத்தாலும் ஒரு பின்னாவது அதன்கீழ் இருக்கும்படி சேஃப்டி பின் குத்துகிறேன். பின்னுக்குப் பதிலாக நீள நீளமாக ஓட்டுத் தையலும் போடலாம். பெரிய விரிப்பானால் அடித்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் மூன்று இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். தைக்கும்போது பின்னுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திக் கழற்றிவிடுங்கள். அதன்மேல் ஊசி பட்டால் ஊசி முறிந்து தெறிக்கும்.

முதல் வாரம்: எழுத்துப் பயிற்சி

ஊசியைத் துணியில் இறக்கி ஏற்றி, மேல்நூலை மெல்ல இழுத்துக் கீழ்நூலை மேலே கொண்டுவாருங்கள். இரண்டு நுனிகளையும் பிடித்துக்கொண்டு, இடம் நகராமல் மூன்று நாலு பொடித்தையல் போட்டால் முடிச்சு விழுந்துவிடும். நுனிகளை அப்போதே வெட்டிவிடுங்கள்.

கைகளைத் துணிமேல் ‘ப’ வடிவில் வையுங்கள். இரண்டு கட்டைவிரல்களும் உங்கள் பக்கம் தொட்டபடி, ஆள்காட்டி விரல்கள் ஊசிக்கு இருபுறமும் நேராக. அந்த ‘ப’வுக்குள் அடங்கும் இடம்தான் ஒரு தடவைக்கு நீங்கள் தைக்கும் வயல். அது முடிந்ததும் ஊசி துணிக்குள் இருக்கும்படி நிறுத்தி, கையைப் புது இடத்துக்கு மாற்றி, மறுபடி தொடங்குங்கள். ஓட்டத்திலேயே கையை மாற்றினால் அங்கே ஒரு நீளத்தையல் விழுந்தே தீரும். துணி வழுக்கினால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் ரப்பர் புள்ளி வைத்த பருத்திக் கையுறையைப் போட்டுக்கொள்ளுங்கள். துணியை நசுக்கிப் பிடிக்க வேண்டிய தேவை போய்விடும், தோளும் வலிக்காது.

துணியைத் திருப்பாதீர்கள். சாதாரணத் தையலில் வளைவு வந்தால் துணியைத் திருப்பிய பழக்கம் இங்கேயும் வரும். துணியின் மேல்புறம் எப்போதும் மேலேயே இருக்க, முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று நகர்த்த மட்டும் செய்யுங்கள். கோலம் போடும்போது தரை நிற்கும், கை நகரும். இங்கே ஊசி நிற்கும், தரைதான் நகர்கிறது. கோடு வலப்பக்கம் போக வேண்டுமானால் துணி இடப்பக்கம் போக வேண்டும். இந்தத் தலைகீழ்க் கணக்கு இரண்டு மூன்று நாளில் கைக்குப் பழகிவிடும்.

என்ன தைப்பது? தமிழ் எழுத்துகளைத் தையுங்கள். ஒரு வரிசை முழுக்க ‘ல’வைச் சேர்த்துச் சேர்த்து எழுதுங்கள். அடுத்த வரிசையில் ‘உ’. பிறகு உங்கள் பெயர். எழுத்தின் வளைவு கைக்கு முன்பே தெரியும் என்பதால், அடுத்து எங்கே போவது என்று யோசிக்க வேண்டியதில்லை. மனம் வேகத்தின்மேல் மட்டும் இருக்கும்.

கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசியைப் பார்த்துக்கொண்டே தைத்தால் ஒவ்வொரு குத்துக்கும் கை தயங்கும். ஊசிக்கு அரை இஞ்ச் தள்ளி, கோடு போகவேண்டிய இடத்தைப் பாருங்கள். வேகத்தைக் காதுக்கு விட்டுவிடுங்கள். மெஷின் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று கேளுங்கள். சத்தம் ஏறி ஏறி இறங்கினால் கால் தடுமாறுகிறது. முதலில் காலை ஒரு வேகத்தில் நிறுத்துங்கள், பிறகு கையை அதற்குப் பழக்குங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் கூட்டிக் குறைத்தால் எதுவும் பிடிபடாது.

பயிற்சி தினமும் கால்மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் சேர்த்து உட்கார்வதைவிட இதில்தான் கை சீக்கிரம் படியும். ஒவ்வொரு துண்டிலும் பேனாவால் தேதி எழுதுங்கள். எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

அடுத்த வாரங்களுக்கான வரிசை

இரண்டாம் வாரத்தில் மியாண்டர். ஓடை வளைவதுபோல் கோடு தன்னைத்தானே தொடாமல், வெட்டிக்கொள்ளாமல் இடத்தை நிரப்புவது. மூன்றாம் வாரத்தில் சுருள்களும், கூழாங்கல் அடுக்கியதுபோன்ற வட்டங்களும். நாலாம் வாரத்தில் இலைகள். துணிக்குப் போகுமுன் அதே டிசைனைப் பேனா எடுக்காமல் தாளில் ஒரு பக்கம் வரைந்து பாருங்கள். தாளில் வழி தெரியாமல் மூலையில் மாட்டிக்கொண்டால் துணியிலும் அங்கேயேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

சிக்குக் கோலத்தைத் தைக்கலாமா என்று பலர் ஆசையாகக் கேட்கிறார்கள். ஒரே இழையில் ஓடும் கோலம் இந்த வேலைக்கென்றே அமைந்ததுபோலத் தோன்றும். ஆனால் கோடு கோட்டை வெட்டும் இடம் ஒவ்வொன்றும் புள்ளிக்கு நடுவே சரியாக விழ வேண்டும், நூலளவு விலகினாலும் தெரியும். வரைந்த கோட்டின்மேல் தைப்பது, மனம்போனபடி தைப்பதைவிடக் கடினம். மூன்று மாதம் பழகிய பிறகு, துவைத்தால் போகும் சாக்கால் வரைந்து தையுங்கள். அப்போது அது கொடுக்கும் நிறைவே தனி.

தையல் என்ன சொல்கிறது?

ஒவ்வொரு துண்டையும் திருப்பிப் பாருங்கள். எங்கே கோளாறு என்பதை அடிப்பக்கம் சொல்லிவிடும்.

கீழ்நூல் புள்ளி புள்ளியாக மேலே தெரிகிறதா? மேல்நூலின் டென்ஷன் அதிகம். கொஞ்சம் தளர்த்துங்கள்.

அடியில் எல்லா இடத்திலும் வளையம் விழுகிறதா? லீவர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் லீவரைத் தூக்கி நூலை முதலிலிருந்து கோருங்கள். அப்படியும் விழுந்தால் டென்ஷனைக் கொஞ்சம் இறுக்குங்கள்.

நேர்க்கோட்டில் சரியாக இருந்து, வளைவில் மட்டும் அடியில் கண்ணிமை மயிர்போல நூல் நிற்கிறதா? டென்ஷனைத் தொடாதீர்கள். வளைவில் உங்கள் கை தன்னையறியாமல் வேகம் எடுக்கிறது. வளைவு வரும்போது ‘மெதுவா’ என்று வாய்விட்டே சொல்லிக்கொள்ளுங்கள்.

தையல் விட்டுவிட்டு விழுகிறதா? ஊசி மழுங்கியிருக்கும், சரியாக மாட்டாமல் இருக்கும், அல்லது துணியின் கனத்துக்கு மெல்லியதாக இருக்கும்.

நூல் அடிக்கடி அறுகிறதா? டென்ஷன் இறுக்கம், நைந்த பழைய நூல், நூலுக்குச் சின்னதான ஊசிக்காது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கை வெடுக்கென்று இழுத்தாலும் அறும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைத் துண்டிலேயே பேனாவால் எழுதிவையுங்கள். ஊசி, நூல், டென்ஷன் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டால், சரியானபோதும் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

பிரிக்க நேர்ந்தால், ஒரு பக்கத்தில் நாலைந்து தையலுக்கு ஒன்றாக வெட்டிவிட்டு மறுபக்கத்து நூலை இழுங்கள், முழுசாக வந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கோணலையும் பிரிக்க வேண்டாம். துவைத்த பிறகு துணி லேசாகச் சுருங்கி, சின்ன ஏற்றத்தாழ்வுகள் அமுங்கிவிடும். கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்துக் கண்ணில் படாத தவறை விட்டுவிடுங்கள்.

முதல் பொருள்

பத்துத் துண்டும் முடிந்த பிறகு தலையணை உறை ஒன்றோ, சாப்பாட்டு மேஜைக்கு நாலு விரிப்போ தையுங்கள். படுக்கை விரிப்பில் தொடங்காதீர்கள். அதில் பாதிப் பலம் துணியின் பாரத்தைத் தூக்குவதிலேயே போய்விடும், வேகத்தைக் கவனிக்க மிச்சம் இருக்காது. சுங்குடி, கலம்காரி போன்ற சாயத் துணி வைப்பதானால் வெட்டுமுன் தனியாக அலசிக் காயவையுங்கள். குவில்டை முதல் தடவை துவைக்கும்போது பக்கத்துத் துணியில் சாயம் ஏறினால் எடுக்க வழியில்லை.

நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். ஓரிடத்தில் நெருக்கியும் ஓரிடத்தில் தாராளமாகவும் தைத்தால் துணி அலையலையாகத் தூக்கிக்கொள்ளும், எங்கும் ஒரே நெருக்கமாக இருக்கட்டும். முழங்கை மேஜையில் தாங்கி, தோள் இறங்கியிருக்கும்படி நாற்காலியின் உயரத்தைப் பாருங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

தலையணை உறை முடிந்த அன்று, தேதி எழுதிய முதல் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் திருப்பிப் போட்டுப் பாருங்கள். முதல் துண்டில் நூல் கூடு கட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கால் எங்கே ஓடியது, கை எங்கே நின்றது என்று உங்களாலேயே சொல்ல முடியும். மெஷின் அன்றும் இதே மெஷின்தான்.